முன்தேதியிட்ட இடி

கம்பம் பள்ளத்தாக்கில் வெயில் அதுபாட்டுக்கு மாசியிலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். தார் ரோட்டில் செருப்பு ஒட்டும், கோழிகள் வாயைப் பிளந்துகொண்டு வேலியோரம் கிடக்கும், பம்புசெட் தொட்டித் தண்ணீரில் கை வைத்தால் சுடும். இதையெல்லாம் கோடை என்று நினைத்துக்கொள்வது விவரம் தெரியாதவர்கள் வேலை. கோடையைப் பங்குனிக் கடைசியில் தேனியில் வைத்து முறைப்படி வெளியிடுவார்கள். அதுவரைக்கும் அடிப்பதெல்லாம் அங்கீகாரம் இல்லாத வெயில்.

வெளியிடுவது பள்ளத்தாக்குக் கோடைகால வானிலை முன்னோக்கு மையம். ஊர்க்காரர்கள் வாயில் அது வெயில் ஆபீஸ். பைபாஸ் ரோட்டில் கண்ணாடி பதித்த பெரிய கட்டடம். கண்ணாடி என்றதும் வெளியே எட்டிப் பார்க்கலாம் என்று நினைத்துவிட வேண்டாம். ஏசிக் காற்று வீணாகிறது என்று உள்பக்கம் முழுக்கத் திரை போட்டு, திரை மேல் மேகப் படம் அச்சடித்திருந்தார்கள். வெள்ளை மேகம், பார்க்க லட்சணமாகவே இருக்கும்.

விழாவில் குத்துவிளக்கு ஏற்றுவார்கள். சிறப்பு விருந்தினர் ஒரு பட்டுத்துணியை இழுப்பார். உள்ளே இருக்கும் போர்டில், இவ்வாண்டுக் கோடை இயல்பாகவோ, இயல்பைவிடச் சற்று அதிகமாகவோ, குறைவாகவோ இருக்கும் என்றும், ஒரு சில இடங்களில் இடியுடன் கூடிய மழைக்கு வாய்ப்பு உண்டு அல்லது இல்லை என்றும் எழுதியிருக்கும். எல்லோரும் கை தட்டுவார்கள். வந்தவர்களுக்கு நினைவுப் பரிசாக ஒரு விசிறி. இந்த அறிவிப்பு இதுவரை ஒரு தடவைகூடப் பொய்த்ததில்லை என்று இயக்குநர் டாக்டர் ஞானசிகாமணி மேடையில் மார்தட்டுவார். அதில் நாமும் குறை சொல்ல முடியாது.

ஓடைப்பட்டிச் சுருளியாண்டி இந்த மையத்துக்கு வானிலைத் தோழன். பிழைப்புக்கு மைக் செட் கடை வைத்திருந்தான். காதுகுத்து, சடங்கு, சாமி கும்பிடு, எழவு, கட்சிக் கூட்டம் எதுவானாலும் அவன் குழாய்தான் கட்ட வேண்டும். மையத்துக்காரர்கள் ஊர் ஊராகப் போய் இப்படிப்பட்ட மைக் செட்காரர்களைப் பிடித்து, தலைக்கு ஒரு தொப்பியும் கழுத்துக்கு ஒரு அட்டையும் மாட்டிவிட்டார்கள். தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் செய்தி வரும், அதை ஊருக்குக் கேட்கிற மாதிரி வாசிக்க வேண்டும். சம்பளம் கிடையாது, மரியாதை உண்டு. அவனை அதுவரை வாழ்க்கையில் யாரும் 'திரு' போட்டுக் கூப்பிட்டதில்லை, பாவம். குளிக்கிற நேரம் தவிர தொப்பியைக் கழற்ற மாட்டான். பொண்டாட்டி மலையம்மாள், தலையில முடி கொட்டிரும், தொப்பியில முடி மொளச்சிரும் என்று கேலி செய்வாள்.

தோழர்களுக்குத் தேனியில் ஒரு நாள் பயிற்சி கொடுத்தார்கள். சாம்பார் சாதம், ஒரு வாழைப்பழம், இயக்குநரின் உரை. அந்த உரையைச் சுருளியாண்டி மனப்பாடமாக வைத்திருந்தான்.

"தோழர்களே, தயவுசெய்து வானத்தைப் பார்க்காதீர்கள். வானம் பொறுப்பில்லாத ஒன்று. இப்போது கருக்கும், கொஞ்ச நேரத்தில் வெளுக்கும். அதை நம்பி ஒரு நிர்வாகத்தை நடத்த முடியுமா? ஆளாளுக்கு அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தால் மாவட்டத்தில் எத்தனை வானம் ஆவது? உங்களுக்கு ஒரே வானம்தான். அது மையம் அனுப்பும் செய்தி."

அன்றிலிருந்து அவன் அண்ணாந்து பார்ப்பதை விட்டான். ஒரு தடவை மண்டையைப் பிளக்கும் வெயிலில் நின்றுகொண்டு, ஓடைப்பட்டி சுற்றுவட்டாரத்தில் தற்போது மிதமான மழை பெய்துகொண்டிருக்கிறது என்று வாசித்தான். டீக்கடையில் இருந்தவர்கள் குடையை விரித்துக்கொண்டு அவன் கடை முன்னால் ஊர்வலம் போனார்கள். சிரித்துச் சமாளித்தான். இன்னொரு தடவை, வெப்பம் படிப்படியாகக் குறையும் என்று அவன் வாசித்த அன்று சந்தையில் காய்கறி வெந்தே போய்விட்டது. ஆனாலும் பாருங்கள், தினம் தினம் கேட்ட குரல் பழகிப் போகும். காலப்போக்கில் ஊர், குழாயில் என்ன சொல்கிறான் என்று காதைத் தீட்டிக்கொண்டுதான் வேலைக்குக் கிளம்பியது. காரணம் திராட்சை.

திராட்சைத் தோட்டம் பார்த்தவர்களுக்குத் தெரியும். கல்தூண் நட்டு, தூணுக்குத் தூண் கம்பி இழுத்து, தலைக்கு மேல் வலை மாதிரி பின்னியிருப்பார்கள். அதில் கொடி ஏறிப் படர்ந்துவிட்டால் பந்தலுக்கு அடியில் பகலே பச்சையாக இருக்கும், வானம் ஒரு துண்டுகூடத் தெரியாது. குலை வெட்டுகிறவர்கள் கையைத் தூக்கிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேதான் நகர வேண்டும். ஒரு மூலையில் இடி இறங்கினால் போதும், கம்பி வழியே தோட்டம் முழுக்க ஓடிவிடும். அதனால் இடி வருகிற மாதிரி இருந்தால் எல்லோரும் பந்தலை விட்டு வெளியேறி, பம்புசெட் ரூமுக்குப் போய்விடுவார்கள். உள்ளே இருப்பவர்களுக்கு வானம் தெரியாது என்பதால் வெளியே இருக்கிற யாரையாவது கேட்டுக்கொள்வது அங்கே வழக்கம். இப்போது போன் வந்துவிட்டது, கேட்பது இன்னும் சுலபம்.

சித்திரையில் ஒரு நாள் ராக்கையாவின் தோட்டத்தில் வெட்டு. கேரளாவுக்குப் போகிற லாரி வந்து நின்றது. மலையம்மாள் போயிருந்தாள். பிளஸ் டூ பரீட்சை முடித்துவிட்டு வீட்டில் இருந்த மகள் திரிஷாவும் பெட்டி தூக்கக் கூடப் போயிருந்தாள். அன்றைக்குக் காலைச் செய்தியைச் சுருளியாண்டி ரெண்டு தடவை வாசித்தான்: வறண்ட வானிலை நிலவும், இடிக்கு வாய்ப்பு இல்லை. மத்தியானம் மலையம்மாள் போன் போட்டாள். இடி மழை வருமா, பார்த்துச் சொல்லுங்க என்று கேட்டாள். அவன் கடைக்குள் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து ஒரு ஆம்ப்ளிஃபயருக்குப் பற்றவைத்துக்கொண்டிருந்தான். செய்தியை இன்னொரு தடவை எடுத்து, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, கொஞ்சம் தோரணையாகவே வாசித்துக் காட்டினான். சரிங்க என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

முதல் இடியே பந்தல் மூலையில்தான் விழுந்தது. அதற்கு முன்னால் ஒரு உறுமல்கூட இல்லை. மற்றவர்களைக் கம்பி உதறித் தள்ளிவிட்டது, உயிர் மிஞ்சியது. திரிஷா பெட்டியைத் தூக்கிக்கொண்டு டிராக்டர் பக்கம் போயிருந்ததால் தப்பித்தாள். திரும்பிப் பார்த்தபோது அம்மாவின் கை கம்பியிலேயே இருந்தது. அதற்கு மேல் அதை விவரிக்க எனக்கு மனசு வரவில்லை. சாயங்காலம் ஊருக்கு எழவு சொல்ல வேண்டியிருந்தது. ஊரில் வேறு மைக் கிடையாது. தன் பொண்டாட்டியின் சாவைச் சுருளியாண்டி தன் குழாயில் தானே அறிவித்தான்.

காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் அவனுக்கு ஒன்று உறைத்தது. திரிஷா அவனோடு பேசவில்லை. அக்கம்பக்கத்தில் பேசுகிறாள், போனில் சிநேகிதிகளோடு பேசுகிறாள், ஆட்டைக்கூட அதட்டுகிறாள். இவன் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றுவிடும். சோறு நேரத்துக்கு இருக்கும், தட்டு மூடியிருக்கும், தண்ணீர்ச் செம்பு பக்கத்தில் இருக்கும். சாப்பிட்டியா ஆத்தா என்று கேட்டால் தலையை ஆட்டுவாள். சண்டை போட்டால்கூடத் தாங்கிக்கொள்ளலாம். பொண்டாட்டி போன வீட்டில் மகளும் வாயை மூடிக்கொண்டால் மனுசன் எங்கே போவான்?

அவனாகவே ஒரு முடிவுக்கு வந்தான். செய்தியில் இருந்ததைத்தானே வாசித்தேன்? தப்பு என்னுது இல்லை. இதை நான் சொன்னால் பிள்ளை நம்பாது, தப்பித்துக்கொள்ளப் பேசுகிறான் என்று நினைக்கும். மையத்துக்காரர்கள் அவர்கள் வாயால் சொல்லிவிட்டால்? அன்றைக்கு இடி விழுந்தது, எங்கள் செய்தி தப்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பிள்ளை பேசிவிடும். தொப்பியைப் போட்டுக்கொண்டு தேனிக்குப் பஸ் ஏறினான்.

இடிப் பிரிவுக்குப் பொறுப்பு மாரிசெல்வம் என்கிற நல்ல பையன். தேவாரம் பக்கத்துக்காரன், அண்ணே என்றுதான் கூப்பிடுவான். எழுந்து நின்று கையைப் பிடித்துக்கொண்டு, அக்காவுக்கு இப்படி ஆகியிருக்கக் கூடாது என்று கண் கலங்கினான். நிஜமாகவே கலங்கினான், அதையும் சொல்லிவிட வேண்டும். பிறகு உட்கார்ந்து கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினான்.

"ஆனா அண்ணே, அன்னைக்கி இடி விழல. பாருங்க, வாய்ப்பு இல்லன்னு போட்டிருக்கு. வாய்ப்பே இல்லாத எடத்துல எப்பிடிண்ணே விழும்?"

எம் பொண்டாட்டி செத்திருக்காளேப்பா என்றான் சுருளியாண்டி. மாரிசெல்வம் கம்ப்யூட்டரை இன்னொரு தடவை பார்த்தான். அப்படியானால் அது வெயிலாக இருக்கும் என்று சொல்லி, அடுத்த ரூமுக்குக் கூட்டிக்கொண்டு போய் வெப்பப் பிரிவில் விட்டான்.

வெப்பப் பிரிவில் ஜாய்ஸ் மேடம். அங்கே தெர்மாமீட்டர் ஏசிக்குப் பக்கத்தில் சுவரில் தொங்கியது. முன்பு மொட்டை மாடியில்தான் வைத்திருந்தார்களாம். வெயில் பட்டுப் பட்டு அளவு தாறுமாறாக ஏறியதால் உள்ளே கொண்டுவந்துவிட்டார்கள். உள்ளே காட்டுகிற அளவோடு தேவைக்குத் தக்கபடி கூட்டிக்கொள்வார்களாம். யாருடைய தேவை என்று சுருளியாண்டி கேட்கவில்லை. சம்பவத்தன்று வெப்ப அலைக்குக் கொஞ்சம் கீழேதான் இருந்தது, அதாவது வெயில் இயல்பு என்று மேடம் விளக்கினார்.

"இயல்பான வெயிலில் யாரும் இறக்க மாட்டார்கள். அப்படி இறந்தால் அது அவர்கள் உடம்பின் இயல்பு. நாங்கள் வெயிலுக்கு மட்டும்தான் பொறுப்பு, உடம்புக்கு அல்ல."

வெயிலிலும் சாகவில்லை, இடியிலும் சாகவில்லை. திரும்பவும் இடிப் பிரிவு, திரும்பவும் வெப்பப் பிரிவு என்று அவன் நடந்தான். வெயிலும் இடியும் அல்லாத சாவுகளுக்குக் காற்று மற்றும் இதரப் பிரிவு என்று ஒன்று இருந்தது. அதில் நாற்காலி மட்டும் இருந்தது, ஆள் இன்னும் நியமிக்கவில்லை. அந்த நாற்காலிக்கு எதிரே அவன் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். மலையம்மாள் எதுவுமே ஆகாமல் செத்துப்போனவள் என்று ஆகிவிடுமோ என்று அவனுக்குப் பயமாக இருந்தது. அழுகை வந்தது. ஏசி அறையில் அழக் கூடாது என்று விதி ஏதும் இருக்குமோ என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தான்.

மாரிசெல்வத்துக்கு மனசு கேட்கவில்லை. எப்படியோ மேலே பேசி ஒரு விசாரணைக் குழுவுக்கு ஏற்பாடு செய்துவிட்டான். குழு என்றால் அவனும் ஜாய்ஸ் மேடமும்தான். ஜீப்பில் ஓடைப்பட்டிக்கு வந்து இறங்கினார்கள். வெயில் இயல்பு என்றாலும் மேடம் குடை பிடித்துக்கொண்டார். ராக்கையா தோட்டத்தில் ஒரு மூலைக் கல்தூண் உச்சியிலிருந்து அடிவரை பிளந்து கருகிக் கிடந்தது, சுற்றிலும் கொடிகள் தீய்ந்திருந்தன. ராக்கையா வாய்த்துடுக்கான ஆள். இது என்ன, நான் பீடி பத்த வச்ச எடமா என்று கேட்டார். கல்லுக்கு இயல்பாகவே கருமை உண்டு என்று மேடம் குறித்துக்கொண்டார்.

கடைசியில் திரிஷாவைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். மின்னலைப் பார்த்தாயா என்று மேடம் கேட்டார். வெளிச்சம் வந்தது, சத்தம் வந்தது, அம்மா விழுந்தாள் என்றாள் அவள். வெளிச்சம் வேறு, மின்னல் வேறு, மின்னல் என்பது வானத்தில் நடப்பது, நீ வானத்தைப் பார்த்தாயா என்று மேடம் திருப்பிக் கேட்டார். தலையில் பெட்டி இருந்ததால் பார்க்கவில்லை என்றாள். அப்படியானால் நேரில் கண்ட சாட்சி இல்லை என்று ஆயிற்று. இல்லாத ஒன்றைச் சொல்லிப் பீதி கிளப்பக் கூடாது என்று மேடம் அன்பாகவே எடுத்துச் சொன்னார். திரிஷாவின் உதடு துடித்தது. வீட்டைப் பார்க்க நடந்துவிட்டாள். சுருளியாண்டி அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அந்த நேரம் பார்த்து மேகமலைப் பக்கமிருந்து ஒரு உறுமல். காற்று புழுதியை வாரிக்கொண்டு வந்தது. ஜீப் டிரைவர் ஒரே ஓட்டமாகப் பம்புசெட் ரூமுக்குள் போய்விட்டார், அவர் தற்காலிகப் பணியாளர். குழுவினர் ரெண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இன்றைய செய்தி என்ன என்று மேடம் கேட்க, வறண்ட வானிலை என்று மாரிசெல்வம் முனகினான். அதற்குப் பிறகு எப்படி ஓடுவது? சடசடவென்று இறங்கிய மழையில் ரெண்டு பேரும் ஆடாமல் நின்று விசாரணையை நடத்தி முடித்தார்கள். வெயிலுக்குப் பிடித்த குடையை மேடம் மடக்கிவிட்டார், மழைக்குப் பிடித்ததாக ஆகிவிடக் கூடாதே. இடி முழக்கத்துக்கு நடுவில், சம்பவ இடத்தில் வானிலை வறண்டு காணப்பட்டது என்று அவர் உரக்கச் சொல்ல, தலையிலிருந்து தண்ணீர் வழிய வழிய மாரிசெல்வம் எழுதிக்கொண்டான்.

சில நாள் கழித்து இயக்குநரே சுருளியாண்டியை அழைத்தார். அவர் அறை இன்னும் குளிர்ச்சி. மேகத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். டீ கொடுத்தார். கோபப்படவில்லை, பெரிய மனிதர்.

"திரு சுருளியாண்டி, நமது மையத்தின் துல்லியம் நூற்றுக்கு நூறு. அதில் ஒன்று குறைந்தால் விருது போய்விடும். விருது போனால் நிதி போய்விடும். நிதி போனால் மையமே போய்விடும். மையம் போனால் மக்களுக்கு யார் எச்சரிக்கை கொடுப்பது? உங்கள் மனைவியைப் போல இன்னும் எத்தனை பேர் இடி விழுந்து சாக வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?"

"அப்ப எம் பொண்டாட்டி இடி விழுந்துதான்யா செத்தா?"

"நான் பொதுவாகச் சொன்னேன்."

பிறகு வழியையும் அவரே சொன்னார். மையத்தில் புதிதாகத் திருத்திய முன்னறிவிப்பு என்று ஒரு சேவை தொடங்கப் போகிறார்களாம். ஒரு நாள் நடந்து முடிந்த பிறகு அந்த நாளுக்கு முன்னறிவிப்பு வழங்குவது. ஆராய்ந்து பார்த்ததில், நடந்து முடிந்த பிறகு கொடுக்கிற முன்னறிவிப்புகளே பெரும்பாலும் பலிக்கின்றனவாம். அதன்படி அந்தச் சித்திரை நாளுக்கு, ஓடைப்பட்டி சுற்றுவட்டாரத்தில் இடியுடன் கூடிய மழைக்கு வாய்ப்பு, திராட்சைப் பந்தலில் வேலை செய்வோர் எச்சரிக்கையாக இருக்கவும் என்று முன்தேதியிட்டு ஒரு செய்தி வெளியிடுவார்கள். இடி விழுந்ததாக ஒப்புக்கொண்டதாகவும் ஆயிற்று, மையம் சரியாகச் சொன்னதாகவும் ஆயிற்று.

அப்போ அன்னைக்கி எனக்கு வந்த செய்தி என்று இழுத்தான் சுருளியாண்டி.

"அது வந்திருக்காது. இதுதான் வந்திருக்கும். நீங்கள் வாசிக்கத் தவறியிருப்பீர்கள். மனிதர்கள்தானே, மறதி இயல்பு. ஊரில் ஒரு முகாம் போடுகிறோம். அதில் நீங்களே மைக்கில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் முடிந்தது."

டீ ஆறிப்போனது. எழுந்து போய்விடலாம் என்றுதான் அவன் முதலில் நினைத்தான். ஆனால் மேடம் முன்னால் உதடு துடிக்க நின்ற மகளின் முகம் கண்ணுக்குள் வந்தது. இடி விழுந்தது என்று இவர்கள் சொல்லிவிட்டால் பிள்ளை பொய் சொல்லவில்லை என்று ஆகும். மலையம்மாளும் எதனாலும் சாகாதவளாக அந்தரத்தில் நிற்க மாட்டாள். நான் பொய்யன் ஆனால் என்ன, இப்போது மட்டும் என்ன வாழ்கிறதாம்? காலைச் செய்தி பிள்ளையின் காதிலும்தானே விழுந்தது, அவள் புரிந்துகொள்வாள். சரிங்கய்யா என்று சொல்லிவிட்டு வந்தான்.

முகாம் ஓடைப்பட்டிப் பஸ் ஸ்டாப் பக்கத்தில் நடந்தது. மேடைக்கு மைக் கட்டியது சுருளியாண்டிதான், ஊரில் வேறு யார் இருக்கிறார்கள்? தன்னைத் தூற்றப் போகிற குழாய்களைத் தானே ஏணியில் ஏறிக் கட்டினான். ஹலோ ஹலோ சொல்லிச் சத்தம் சரிபார்த்தான். கூட்டத்துக்கு விசிறி கொடுத்தார்கள். கடைசி வரிசைக்குப் பின்னால் திரிஷா நின்றாள். அவள் வருவாள் என்று அவன் நினைக்கவே இல்லை.

இயக்குநர் நன்றாகப் பேசினார். சித்திரை மாதத்து அந்தத் துயர நாளில் ஓடைப்பட்டியில் இடி விழுந்தது என்பதை மையம் பெருமையுடன் தெரிவித்துக்கொள்கிறது என்றார். அதை மையம் முன்கூட்டியே கணித்திருந்தது என்றார். எச்சரிக்கை மையத்திலிருந்து ஓடைப்பட்டி வரை பத்திரமாக வந்து சேர்ந்தது, ஓடைப்பட்டிக்குள் வந்த பிறகுதான் தொலைந்தது என்றார். இனி இப்படி நேராமலிருக்கத் தோழர்களுக்கு இரண்டாவது தொப்பி வழங்கப்படும் என்றும் அறிவித்தார். பிறகு மைக்கைச் சுருளியாண்டியிடம் கொடுத்தார்.

"இடி விழுந்துச்சுங்க," என்றான் அவன். குரல் உடைந்தது. "அவுக சொன்னாக. நாந்தான் வாசிக்க மறந்துட்டேன். எம் பொண்டாட்டி போனதுக்கு நாந்தான் காரணம்."

ராக்கையா விசிறியைக் கீழே போட்டுவிட்டு எழுந்தார்.

"ஏலே சுருளி, யாரு சொல்லிக் கொடுத்ததுலே இது? இடி இல்லன்னு நீ வாசிச்சது இங்கன இருக்கிற அத்தன பேரு காதுலயும் விழுந்துச்சு. அவுக அனுப்புனதத்தானலே வாசிச்ச?"

ஆமா ஆமா என்று நாலா பக்கமும் சத்தம் எழுந்தது. இயக்குநர் அசரவில்லை. கடும் வெயிலால் கிராம மக்களின் நினைவாற்றல் இயல்பைவிடக் குறைந்து காணப்படுவது வழக்கம்தான் என்று மைக்கை வாங்கிச் சொன்னார். ஜாய்ஸ் மேடம் அதைக் குறித்துக்கொண்டார். மாரிசெல்வம் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு தன் செருப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். நாட்டுப் பண்ணோடு முகாம் இனிதே நிறைவுற்றது. ஜீப்புகள் தேனியைப் பார்க்கப் போய்விட்டன.

ஆட்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். ராக்கையா அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். சுருளியாண்டி குழாய்களை இறக்கி வைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து முழங்கைக்கும் பெருவிரலுக்குமாக வயரைச் சுற்ற ஆரம்பித்தான். பக்கத்தில் நிழல் விழுந்தது. திரிஷா. மைக் ஸ்டாண்டை எடுத்து மடக்கினாள். பிறகு பேசினாள். சித்திரைக்குப் பிறகு அவனிடம் அவள் பேசிய முதல் பேச்சு.

"எதுக்குப்பா அப்பிடிச் சொன்ன?"

அவனுக்கு அந்த ஒரு சொல்லே வயிறு நிறைந்த மாதிரி இருந்தது. அவசர அவசரமாகச் சொன்னான். இடி விழுந்துச்சுன்னு அவுக வாயால சொல்லிட்டாகல்ல ஆத்தா, நீ சொன்னது பொய்யில்லன்னு ஆயிருச்சுல்ல, அதுக்குத்தான். அன்னைக்கி அவுக செய்தி தப்பு, அப்பா மேல தப்பில்லன்னு உனக்குத் தெரியணும்னுதான் இத்தனை நாளா அலைஞ்சேன் என்றான். சொல்லும்போதே அழுதுவிட்டான்.

திரிஷா அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கும் கண்ணில் தண்ணீர் நின்றது.

"அவுக தப்பா அனுப்புனாகன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்ப்பா. நீ பொய் சொல்லலன்னும் தெரியும். அதுக்கா நான் பேசாம இருந்தேன்?"

பின்னே எதுக்கு ஆத்தா என்று கேட்டான்.

"அம்மா கையெல்லாம் பிசுபிசுன்னு இருந்துச்சுன்னு நாந்தான் போனை அம்மா வாய்கிட்ட பிடிச்சேன். செய்தியில என்ன போட்டிருக்குன்னு அம்மா கேக்கலப்பா. பந்தலுக்குள்ள ஒண்ணும் தெரியல, கொஞ்சம் வெளிய வந்து வானத்தப் பாத்துச் சொல்லுங்கன்னுதான் கேட்டுச்சு." அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "ஃபேன் சத்தம் கடைசி வரைக்கும் கேட்டுச்சு. நீ கடைய விட்டு வெளிய வரவே இல்லையேப்பா."

சுருளியாண்டி வயரைச் சுற்றிக்கொண்டே இருந்தான். வயர் முழுவதும் சுற்றி முடிந்து, நுனியும் மடியில் வந்து விழுந்துவிட்டது. அதற்குப் பிறகும் அவன் கை சுற்றிக்கொண்டேதான் இருந்தது.